கடலடிப் பயிர்களின் கையிருப்பு

சித்திரை பிறந்து, காற்று விழுந்து, பாக் விரிகுடா தகடுபோலக் கிடக்கும் நாட்களில் முனைக்காடு, சம்பை பக்கம் பாசித் தெப்பம் போட்டிருப்பவர்கள் அடிக்கடி கயிற்றைத் தூக்கிப் பார்ப்பார்கள். பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி மூங்கில் தெப்பம். குறுக்கே கட்டிய கயிறுகளில் முடிச்சுக்கு ஒரு கொத்தாகக் கப்பாஃபைகஸ் பாசி தொங்கும். நல்ல நிலையில் அது விரல் பருமனில், பழுப்பும் பச்சையும் கலந்து, ஒடித்தால் சட்டென்று ஒடிகிற விறைப்போடு இருக்கும். அந்தக் கிளையின் நடுவில் ஓர் அங்குல நீளத்துக்கு நிறம் வெளுத்திருந்தால் வயிற்றில் புளி கரையும். தொட்டுப் பார்த்தால் அந்த இடம் மட்டும் கொழகொழவென்றிருக்கும். இரண்டொரு நாளில் கிளை அங்கேயே அறுந்து, வெளுத்த இடத்துக்குக் கீழே நன்றாக இருந்த நுனியும் சேர்ந்து கடலோடு போய்விடும். 45 நாள் வளர்ப்பில் 60 கிலோ விதைப்பாசி 200 கிலோவுக்கு மேல் பெருகவேண்டிய தெப்பம், கட்டிய எடையைக்கூடத் திருப்பித் தராமல் போவது இப்படித்தான்.

பிலிப்பைன்ஸ் பண்ணைகளில் 1974-லேயே பதிவான பிரச்சினை இது. ‘ஐஸ்-ஐஸ்’ என்று பெயர். நோய் என்று சொல்கிறோமே தவிர, கிருமி வந்து ஆரோக்கியமான செடியைத் தாக்குகிற வழக்கமான கதை இதில் இல்லை. தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாகும்போதோ, மழைநீர் கலந்து உப்பு குறையும்போதோ, நீரோட்டம் நின்று வெளிச்சமும் சத்தும் குறையும்போதோ பாசியின் உடலுக்குள் நெருக்கடி தொடங்குகிறது. அந்த நெருக்கடியில் அது கசியவிடும் பொருட்களைத் தின்று, எப்போதும் அதன் மேல்தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. வெளுப்பு அதற்குப் பிறகு வருவது. ராமநாதபுரம் கடலோரத்தில் 2013-14-ல் இந்தப் பாசி கொத்துக் கொத்தாக மடிந்தபோது, ஆண்டுக்குச் சுமார் 1,500 டன் காய்ந்த பாசி என்ற உயரத்தைத் தொட்டிருந்த உற்பத்தி மளமளவென்று சரிந்தது. தெப்பத்தை நம்பி வீட்டுச் செலவுக்குத் திட்டம் போட்டிருந்த பல பெண்கள் மறுபடியும் தீவுகளுக்குப் பாசி பறிக்கப் போனார்கள்.

சூடு கூடினால் மீன் ஆழத்துக்குப் போய்விடும். பாறையைப் பற்றிய பாசியும், மண்ணில் வேர் விட்ட கடல்புல்லும் இருந்த இடத்திலேயே இருந்து சமாளிக்கவேண்டும். அவை எப்படிச் சமாளிக்கின்றன என்பது கடலறிவியலில் மிகவும் செழித்த பகுதி. அந்தத் திறனுக்கு ஓர் அளவு உண்டு என்பதும், அந்த அளவின் பெரும்பகுதியை நாம் வேறு வழிகளில் கரைத்துவிடுகிறோம் என்பதும்தான் நம் கடற்கரைக்கு இன்று முக்கியமான செய்தி.

வெயிலும் உப்பும்

பாசியையும் கடல்புல்லையும் சேர்த்தே பேசுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் உறவில் இரண்டும் வெகு தூரம். பாசிக்கு வேர் இல்லை, பூ இல்லை. உடல் முழுவதாலும் கடல்நீரிலிருந்து சத்தை உறிஞ்சுகிறது. கரையோரத்தில் சிலர் கடல்தாழை என்று சொல்லும் கடல்புல்லோ பூத்துக் காய்த்து விதை விடும் தாவரம். நிலத்தில் வாழ்ந்து, சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்குத் திரும்பிய குடும்பங்களின் வாரிசு. உலகில் ஏறக்குறைய 70 இனங்கள். அவற்றில் பத்துக்கும் மேற்பட்டவை மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் இருக்கின்றன.

பாசிக்கு அன்றாடம் வரும் முதல் சோதனை வெயில். கட்டக்கோரை என்று நம் பாசிக்காரப் பெண்கள் சொல்லும் சர்காசம் முழங்கால் ஆழத்தில் நடுப்பகல் வெயிலை வாங்குகிறது. ஒளிச்சேர்க்கைக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு வெளிச்சம் உள்ளே வந்துவிடுகிறது. செலவாகாமல் மிஞ்சும் ஆற்றல் ஆக்ஸிஜனைத் தீவிரமான வடிவங்களாக மாற்றி, செல்லின் சவ்வையும் புரதத்தையும் அரிக்கும். பழுப்புப் பாசிகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. வயோலாசாந்தின் என்ற நிறமியைச் சில நிமிடங்களில் சியாசாந்தினாக மாற்றிக்கொள்கின்றன. அது உபரி ஆற்றலை வெப்பமாக்கி வெளியே தள்ளுகிறது. மாலையில் வெயில் தாழ்ந்ததும் பழைய நிறமிக்கே திரும்பிவிடும். சிவப்புப் பாசிகளில் பல, புற ஊதாக் கதிரை விழுங்கும் மைக்கோஸ்போரின் வகை அமினோ அமிலங்களைச் செய்து சேர்க்கின்றன. அவற்றில் ஒன்றான போர்ஃபிரா-334 இன்று முகப்பூச்சுகளிலும் சேர்க்கப்படுகிறது. எதிர்முனையிலும் பாசிகளின் சாதனை பெரியது. பஹாமாஸ் பக்கம் 268 மீட்டர் ஆழத்தில் சுண்ணாம்புப் படிவத்தோடு வளரும் ஒரு சிவப்புப் பாசியைக் கண்டுபிடித்தார்கள். மேற்பரப்பு வெளிச்சத்தில் லட்சத்தில் ஒரு பங்குகூட எட்டாத இடம் அது.

நீர் வற்றும்போது வெளியில் காயும் பாசிகளின் தாக்குப்பிடிப்பு இன்னும் வியப்பானது. ஜப்பானியர் நோரியாக உண்ணும் பாசி, உடலிலுள்ள தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கை இழந்து, காகிதம்போல மொடமொடத்துப் பாறையில் ஒட்டிக் கிடக்கும். அலை வந்து நனைத்ததும் ஒளிச்சேர்க்கையை மீண்டும் தொடங்கிவிடும். ஐரோப்பியக் கரைகளில் வளரும் லாமினேரியா கெல்ப், கடல்நீரில் உள்ளதைப்போலப் பல்லாயிரம் மடங்கு அயோடினை உடலில் குவித்து வைக்கிறது. நூறாண்டுகளுக்கு மேலாகத் தெரிந்திருந்த இந்தக் குவிப்பின் காரணம் 2008-ல்தான் துலங்கியது. நீர் வற்றி நெருக்கடி வரும்போது அந்த அயோடைடை வெளிவிட்டு, அரிக்கும் ஆக்ஸிஜன் வடிவங்களை அது முறிக்கிறது. உயிரினங்களில் நாம் அறிந்த ஆன்டி ஆக்ஸிடன்ட்களிலேயே மிக எளிமையானது இதுதான். வெளியேறும் அயோடின் காற்றில் நுண்துகளாகி, மேகத்துளி உருவாகவும் உதவுகிறது.

உப்பு கூடினாலும் குறைந்தாலும் செல்லுக்குள் அழுத்தம் மாறும். பழுப்புப் பாசி மானிட்டாலையும், சிவப்புப் பாசி ஃப்ளோரிடோசைடு என்ற சர்க்கரைச் சேர்மத்தையும் கூட்டியும் குறைத்தும் ஈடு செய்கின்றன.

நம் கஞ்சிப்பாசி சேர்ந்த கிராசிலேரியா குடும்பத்தை நிறம் பார்த்தே படிக்கலாம். சத்து மிகுந்த நீரில் அது கருஞ்சிவப்பாக இருக்கும். சிவப்பு நிறமியான ஃபைகோஎரித்ரின் வெளிச்சத்தைப் பிடிக்கும் கருவி மட்டுமல்ல, நைட்ரஜனைச் சேமித்து வைக்கும் கிடங்கும் அதுதான். நீரில் நைட்ரஜன் குறையும் மாதங்களில் பாசி அந்த நிறமியைக் கரைத்து வளர்ச்சிக்குச் செலவிடும். உடல் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். அப்படி வெளிறிய பாசி இறந்துகொண்டிருக்கிறது என்று பொருளில்லை. சத்து திரும்பினால் சில நாட்களில் நிறமும் திரும்பும். அந்தச் சமயத்திலேயே சூடும் கூடினால் கதை வேறு. சேமிப்பு தீர்ந்த உடலில் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைச் செய்யக்கூட நைட்ரஜன் வேண்டுமே.

சில பாசிகள் கோடையை எதிர்கொள்வதே இல்லை. நோரி கோடையில் எங்கே போகிறது என்பது ஜப்பானியப் பாசிக்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் புரியாத புதிர். பிரிட்டனின் மான்செஸ்டரில் வேலை பார்த்த கேத்லீன் ட்ரூ-பேக்கர் 1949-ல் விடை சொன்னார். சிப்பி ஓட்டுக்குள் துளைத்து வாழும் இளஞ்சிவப்பு இழை ஒன்றைத் தனி இனம் என்று எண்ணிப் பெயரும் வைத்திருந்தார்கள். அது நோரியின் கோடைக்கால உருவமே. அவருடைய கண்டுபிடிப்பின் மேல்தான் ஜப்பானின் நோரி வளர்ப்பு மறுபடி எழுந்தது. அவர் நினைவாக உட்டோ நகரில் ஆண்டுதோறும் விழா எடுக்கிறார்கள்.

மண்ணுக்குள் எழுதிய கணக்கு

கடல்புல்லின் வரலாறு இழப்பில் தொடங்குகிறது. ஜோஸ்டெரா மரீனா என்ற கடல்புல்லின் மரபணுத் தொகுப்பை 2016-ல் முழுமையாக வாசித்தபோது, நிலத்துச் செடிகளுக்கு இன்றியமையாத பலவற்றை அது கைவிட்டிருப்பது தெரிந்தது. இலைத்துளைகளை உருவாக்கும் மரபணுக்கள் போய்விட்டன. நிலத்துச் செடிகள் ஆபத்துச் செய்தியாகப் பயன்படுத்தும் எத்திலீன் போய்விட்டது. புற ஊதாக் கதிரை உணரும் ஏற்பியும் போய்விட்டது. மாறாக, செல்சுவரில் கந்தகம் சேர்ந்த கூட்டுச்சர்க்கரைகளைச் செய்யும் திறனை, பாசிகள் வைத்திருப்பதைப்போலவே, புதிதாகப் பெற்றிருக்கிறது. உப்புநீரில் செல் வற்றாமல் காப்பது அதுதான். கோடிக்கணக்கான ஆண்டுகளில் நடந்த இந்த மாற்றம், இன்றைய கோடைக்கு அடுத்த கோடைக்குள் நடக்கக்கூடியது இல்லை.

கரையொதுங்கிய கடல்புல் தண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மண்ணுக்கடியில் படுக்கையாக ஓடிய கிழங்குத் தண்டில் கணுக்கள் இருக்கும். நிமிர்ந்த தண்டில் உதிர்ந்த ஒவ்வோர் இலையும் ஒரு தழும்பை விட்டிருக்கும். ஓர் இனத்தில் இலைக்கு இலை இடைவெளி ஏறத்தாழ ஒரே கால அளவு என்பதால், தழும்புகளை எண்ணினால் வயது தெரியும். நல்ல வெளிச்சமும் தெளிந்த நீரும் கிடைத்த மாதங்களில் கணுவிடை நீண்டிருக்கும். கலங்கிய மாதங்களில் தழும்புகள் நெருக்கியடித்துக் கிடக்கும். பூத்திருந்தால் அதற்குத் தனித் தழும்பு. ஆய்வாளர்கள் ஒரு பிடித் தண்டுகளைக் கழுவி வைத்து, அளவுகோலும் உருப்பெருக்கியும் கொண்டு அந்தப் படுகையின் சில ஆண்டு நல்லது கெட்டதுகளை எழுதிவிடுகிறார்கள். கருவியே வைக்காத கடலுக்குப் பழைய பதிவேடு இப்படிக் கிடைப்பது பெரிய கொடை.

அந்தக் கிழங்குத் தண்டுதான் கடல்புல்லின் கையிருப்பு. தெளிந்த நாட்களில் செய்த மாவுச்சத்தும் சர்க்கரையும் அங்கே சேர்கின்றன. வெளிச்சம் குறைந்தால் புல் முதலில் இலையில் பச்சையத்தைக் கூட்டுகிறது. அடுத்துப் புதுக் கிளை விடுவதை நிறுத்துகிறது. பிறகு இருக்கும் கிளைகளையே குறைக்கிறது. அதற்கும் மேல் நீடித்தால் கிழங்கிலுள்ளதைக் கரைத்துத் தின்னத் தொடங்குகிறது. பஞ்சத்தில் விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவது போன்ற நிலை அது. பாசிகள் பல, மேற்பரப்பு வெளிச்சத்தில் ஒரு விழுக்காடு கிடைத்தாலும் வாழும். கடல்புல்லுக்குச் சராசரியாகப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தேவை. மண்ணுக்கடியில் வேரும் கிழங்குமாகப் பெரிய குடும்பத்தை அது போற்றவேண்டியிருக்கிறது.

அந்த வேர் இருக்கும் மண்ணில் ஆக்ஸிஜன் கிடையாது. கால் வைத்துக் கிளறினால் அழுகிய முட்டை வாடை வரும் கறுத்த சேறு. அதில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறது, வேருக்கு அது நஞ்சு. பகலில் இலை செய்யும் ஆக்ஸிஜனைக் காற்றறைகளின் வழியாக வேர்நுனி வரை இறக்கி, சுற்றிலும் மெல்லிய ஆக்ஸிஜன் உறை ஒன்றை அமைத்துச் சல்பைடை முறிக்கிறது கடல்புல். இரவில் சுற்றியுள்ள நீரிலிருந்து இலைக்குள் கசிந்து வருவதுதான் ஆக்ஸிஜன். சூடான நீரில் ஆக்ஸிஜன் குறைவாகவே கரையும்; சேற்றின் பாக்டீரியாக்களோ சூட்டில் இன்னும் வேகமாகச் சல்பைடைச் செய்யும். ஆகவே காற்றில்லாத வெக்கை இரவு ஒன்றின் விடியற்காலையில்தான் கடல்புல்லுக்கு உண்மையான கண்டம். சல்பைடு வேரைத் தாண்டிக் குருத்துக்கு ஏறினால் இலை அடியிலேயே கழன்றுவிடும். அமெரிக்காவின் ஃபுளோரிடா விரிகுடாவில் 1987-ல் சுமார் 4,000 ஹெக்டேர் கடல்புல் இப்படி அழிந்தது. 2015-ல் வறட்சியும் உப்பும் சூடும் சேர்ந்து மறுபடியும் அழித்தன. இந்தப் போரில் கடல்புல்லுக்குத் துணையும் உண்டு. வேரடிச் சேற்றில் வாழும் லூசினிட் சிப்பிகளின் செவுளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் சல்பைடையே உணவாக்கிக்கொள்கின்றன. இந்தக் கூட்டுறவை 2012-ல் விரிவாக விளக்கினார்கள். படுகையைக் கிளறிச் சிப்பியை அள்ளுகிறவர்கள் புல்லின் காவலையும் சேர்த்தே அள்ளுகிறார்கள்.

ஷார்க் பே சொல்லும் இரண்டு செய்திகள்

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே, உலகின் மிகப் பெரிய கடல்புல் பரப்புகளில் ஒன்று. 2011 கோடையில் அங்கே கடல் வெப்ப அலை வந்தது. பல வாரங்களுக்கு நீர் வழக்கத்தைவிட 2 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தது. அதே கோடையில் வூராமெல் ஆற்றின் வெள்ளம் வண்டலைக் கொண்டுவந்து நீரைக் கலக்கியது. சூட்டில் புல்லின் சுவாசச் செலவு கூடியது. கலங்கலில் வெளிச்ச வரவு குறைந்தது. தனித்தனியே வந்திருந்தால் தாங்கியிருக்கக்கூடிய இரண்டு அடிகள் ஒன்றாக விழ, ஆம்பிபோலிஸ் என்ற புல் இலைகளை உதிர்த்து அடர்த்தியான படுகைகளை வெறுமையாக்கியது. ஷார்க் பே கடல்புல் பரப்பில் சுமார் 36 விழுக்காடு சேதமடைந்தது. வேருக்கடியில் நூற்றாண்டுகளாகப் புதைந்திருந்த கரிமம் வெளியேறி, அடுத்த மூன்றாண்டுகளில் 20 லட்சம் முதல் 90 லட்சம் டன் வரை கார்பன் டை ஆக்ஸைடு வெளிப்பட்டிருக்கும் என்று கணக்கிட்டார்கள்.

அதே ஷார்க் பேயிலிருந்து 2022-ல் வேறொரு செய்தி வந்தது. 180 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவியிருந்த பொசிடோனியா புல்வெளி முழுவதும் ஒரே செடி. ஒரே விதையிலிருந்து கிழங்கு விட்டு விட்டு, ஏறத்தாழ 4,500 ஆண்டுகளாகப் படர்ந்தது. இனக்கலப்பில் பிறந்து, இரண்டு பெற்றோரின் குரோமோசோம்களையும் முழுமையாக வைத்துக்கொண்டதால் அவற்றின் எண்ணிக்கை இரட்டிப்பு. கடல்நீரைப்போல இரு மடங்கு உப்பிலும், குளிர் முதல் வெக்கை வரையிலும் அது வளர்கிறது. பன்முகத்தன்மைதான் காக்கும் என்று சொல்கிறவர்களை இது யோசிக்க வைக்கும். என்னையும் யோசிக்க வைத்தது. ஆனால் அந்த ஒற்றைச் செடிக்கு நாலாயிரம் ஆண்டு அவகாசம் இருந்தது. தாங்காத கிளைகள் மடிந்து தாங்கியவை படரும் அளவுக்கு மாற்றமும் மெதுவாக வந்தது.

அவகாசம் இருந்தால் கடல்புல் கற்றுக்கொள்ளவும் செய்யும். ஆஸ்திரேலியாவில் இரண்டு இனங்களை ஆய்வுக்கூடத் தொட்டிகளில் வளர்த்து, ஒரு செயற்கை வெப்ப அலையைக் காட்டி, ஓய்வு கொடுத்து, இரண்டாவது அலையையும் காட்டினார்கள். முன்பே ஒருமுறை பட்ட செடிகள், புதிதாகப் பட்டவற்றைவிட நன்றாக ஒளிச்சேர்க்கை செய்து வளர்ந்தன. மத்தியதரைக் கடலின் பொசிடோனியா அபூர்வமாகவே பூக்கும். 2003-ன் கடும் கோடைக்குப் பிறகு பரவலாகப் பூத்தது. தொட்டியில் வைத்துச் சூடாக்கியபோதும் பூத்தது. உயிருக்கு ஆபத்து என்றதும் அடுத்த தலைமுறைக்கு விதை அனுப்பும் முயற்சி என்றே இதைப் படிக்கிறார்கள். அதே 2003 கோடையில் பால்டிக் கடலில் நடந்த சோதனை ஒன்றில், ஒரே மரபணு வகையை நட்ட பாத்திகளைவிடப் பல வகைகளைக் கலந்து நட்ட பாத்திகளில் ஜோஸ்டெரா நன்றாக மீண்டது.

இங்கே நம் தெப்பங்களுக்குத் திரும்பவேண்டியிருக்கிறது. ராமநாதபுரத்தில் கட்டப்படும் கப்பாஃபைகஸ் நம் கடலில் பிறந்ததில்லை. 1980-களில் ஜப்பானிலிருந்து குஜராத்தின் ஓகாவுக்கு வந்த சிறிதளவு விதைப்பாசியை, உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் பெருக்கி, 1990-களில் மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு எல்லாமே ஒடித்துக் கட்டுவது, மறுபடி ஒடித்துக் கட்டுவது. ஷார்க் பே செடியைப்போல இதுவும் நகல்தான், அதன் நாலாயிரம் ஆண்டுச் சலித்தெடுப்பு இல்லாத நகல். ஒரு கோடை ஒரு தெப்பத்தை வீழ்த்தினால் பக்கத்துத் தெப்பத்தையும் வீழ்த்தும். திசு வளர்ப்பில் தெம்பான நாற்றுகளை உருவாக்கும் வேலை நடக்கிறது. உயிருள்ள பாசியை வெளிநாட்டிலிருந்து தருவிப்பதற்கு 2024-ல் மத்திய அரசு நெறிமுறையும் வெளியிட்டது. புது ரகம் தேவைதான். ஆனால் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவையும் மறக்கக்கூடாது. அங்கே இதே பாசி தெப்பத்திலிருந்து தப்பிப் பவளப்பாறை மேல் படர்ந்து மூடுவதை 2008-லேயே ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். சூட்டுக்கு அசராத ரகம் பவளத்தின் மேலும் அசராமல் படரும். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்று இந்த வெயிலிலேயே பிறந்து இந்த மழையிலேயே வளர்ந்த நம் சொந்த இனங்களில் தேடுவதற்கு இன்னும் அதிகப் பணமும் ஆளும் ஒதுக்கலாம்.

ராமேசுவரத்துக்காரர்கள் வடக்கே உள்ள பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும், தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். பெண்கடல் ஆழமில்லாதது, அலை அடங்கியது. அதனால்தான் கடல்புல் அங்கே அவ்வளவு பரந்திருக்கிறது. அதே காரணத்தால்தான் அது எளிதில் சூடாகிறது. சித்திரை வைகாசியில் வெக்கை. ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்றோடு வங்கக்கடலின் உப்புக் குறைந்த நீரும் ஆற்றுக் கலங்கலும். இந்த இரண்டு காலங்களுக்கும் நடுவே கிடைக்கும் தெளிந்த மாதங்களில்தான் புல் கிழங்கை நிரப்பிக்கொள்ளவேண்டும். அந்த மாதங்களில் விசைப்படகின் இழுவைமடி அடியைச் சுரண்டிக்கொண்டு போகிறது. மடி பட்ட இடத்தில் புல் கிழங்கோடு பெயர்கிறது. படாத இடத்திலும் கிளம்பிய சேறு நீரில் தொங்கி வெளிச்சத்தை மறைக்கிறது. ஊர்ச் சாக்கடையும் இறால் பண்ணைக் கழிவும் சேரும் இடங்களில் இலைமேல் நுண்பாசி படிந்து மீதி வெளிச்சத்தையும் எடுத்துக்கொள்கிறது. வெப்ப அலை வரும்போது கிழங்கில் ஒன்றும் இருப்பதில்லை.

உலகச் சூட்டைத் தணிப்பது மண்டபத்து மீனவர் கையிலோ தஞ்சாவூர் ஆட்சியர் கையிலோ இல்லை. நீரைத் தெளிவாக வைப்பது இருக்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஆவுளியா என்று சொல்லும் கடற்பசு மேய்வதற்குக் கடல்புல் வேண்டும் என்ற கணக்கில் செய்த அறிவிப்பு அது. மூங்கில் சட்டத்தில் கயிறு கட்டி, அதில் கடல்புல் கன்றுகளைப் பிணைத்து, பெயர்ந்த இடங்களில் நடும் வேலையும் நடக்கிறது. நல்ல வேலை. ஆனால் நட்ட கன்றுக்கும் அதே வெளிச்சம்தான் வேண்டும். இழுவைமடி மறுபடி வந்து போகும் இடத்தில் நடுவது வீண்.

பாசி பறிக்கும் பெண்கள், அடியைக் குலைக்காமல் காக்கும் வேலையைத் தங்கள் அளவில் எப்போதோ செய்துவிட்டார்கள். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கிப் பறிக்கும் அவர்கள், அடியோடு சுரண்டாமல் கையால் மட்டும் கிள்ளுவது, மாதத்தில் சில நாட்களே கடலுக்குப் போவது, பாசி வளரும் பருவத்தில் விட்டுவிடுவது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அடிப்பகுதி பாறையில் தங்கினால் அதிலிருந்து மறுபடி தழைக்கும் என்பது அவர்கள் அனுபவம்.

விசைப்படகுக்கும் கட்டுப்பாடு இல்லாமல் இல்லை. கரையை ஒட்டிய குறிப்பிட்ட தூரத்துக்குள் இழுவைமடி போடக்கூடாது என்று 1983-ன் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. பாக் விரிகுடாவின் கடல்புல்லில் பெரும்பங்கு அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. மீன்வளத் துறை ரோந்துப் படகும் வனத் துறைப் படகும், குறிப்பாக மாசி முதல் ஆவணி வரை நீர் தெளியும் மாதங்களில், அந்த எல்லையைக் காத்து நிற்கவேண்டும்; அதற்கான டீசலும் ஆட்களும் பாதுகாப்பகத்தின் ஆண்டு நிதியில் முதல் வரியில் இருக்கவேண்டும்.